படகுக்கு ரேடியேட்டர் இல்லை

“ஏஞ்சாமி, படிச்ச புள்ளைக்கு எஞ்சின் சூடு தெரியுமா?” என்றார் நாமக்கல்லிலிருந்து வந்த லாரி மெக்கானிக்.

ஏரியில் சவாரி விடும் எங்கள் படகின் எஞ்சின் கால் மணி நேரத்தில் கொதித்துவிடுகிறது. இரண்டாம் முறை நின்றதும் முதலாளி என்னிடம் கேட்காமலே அவரை வரவழைத்துவிட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். டிப்ளமோ முடித்து, இந்த எஞ்சினைப் பார்த்துக்கொள்ளத்தான் இங்கே சம்பளம் வாங்குகிறேன்.

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீர் ஓட்டத்தைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டை அவர் முதலில் கழற்றி எறிந்தார். “நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க?” லாரிக்கு எல்லாரும் செய்வதுதான். எஞ்சின் மறுபடியும் கொதித்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார். கழற்றிவிட்டால் எஞ்சின் இனி அவர் பொறுப்பு. எனக்கு இங்கே வேலை இருக்காது.

“அண்ணா, லாரிக்கு ரேடியேட்டர்ல காத்து ஆத்தும். இதை ஆத்தறது காத்தில்லீங்க, ஏரித் தண்ணி. பின்னால குழாயில தண்ணி கொட்டுதான்னு பாத்தீங்களா?”

“சோறு ஆத்தற மாதிரி சொல்றியே சாமி.”

மூன்று முறை சொன்னேன். அவரும் முதலாளியும் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள்.

தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டுப் பம்பைத் திறந்தேன். தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தில் மூன்று இதழ்களைக் காணவில்லை. அவர்கள் திரும்பியபோது சக்கரம் அவருடைய ஸ்பானர் பெட்டிமேல் இருந்தது. தண்ணீர் வழியை அடைத்திருக்கும் உடைந்த துண்டுகளைத் தேடி நான் குழாயைக் கழற்றிவிட்டிருந்தேன்.