மணி கட்டிய லொரெய்ன் இத்தாலியில் மதியம் சாப்பிட்ட வரலாறு

தனியாகப் பயணம் செய்வதில் நம்பிக்கை உள்ளவர்கள் கூட்டமாகச் சேர்ந்து பயணம் செய்வதற்கென்று இங்கிலாந்தில் ஒரு கழகம் உண்டு. அதில் யாரும் யாரையும் சார்ந்தவர்கள் அல்லர். யாருக்கும் யாரும் கணவனில்லை, மனைவியில்லை, சம்பந்தி முறைகூட இல்லை. இந்தச் சுதந்திரத்தை நிலைநாட்டும் பொருட்டு அவர்கள் ஆண்டுதோறும் ஒரே விமானத்தில் ஏறி, ஒரே பேருந்தில் வளைந்து வளைந்து மேலே வந்து, பிரெஞ்சு ஆல்ப்ஸில் மோன்-கிவ்ர் என்ற ஊரில் ஒரே மரவீட்டில் இறங்குவார்கள். இரவில் பாலாடைக்கட்டி உருக்கிய ஒரே சட்டிக்குள் ஆளுக்கொரு கம்பியை விட்டுத் தொலைந்துபோன ரொட்டித் துண்டைத் தேடுவார்கள். பகலில் ஒருவர் பின் ஒருவராகப் பனியில் சறுக்கி இறங்குவார்கள். வழியில் ஒருவர் கழிப்பறைக்குப் போனால் மீதிப் பேர் அத்தனை பேரும் சுதந்திரமாக வெளியே காத்திருப்பார்கள்.

இந்தச் சுதந்திர மந்தையின் கடைசி உறுப்பினர் லொரெய்ன் ஹெப்வர்த். கடைசி என்றால் சேர்ந்த வரிசையில் அல்ல, மலையில் இருக்கும் வரிசையில்.

லொரெய்ன் யார்க்‌ஷயர் மாவட்டத்து ஹாலிஃபாக்ஸ் நகரில் திரைச்சீலைக் கடையில் வேலை பார்ப்பவர். ஊரில் பாதி ஜன்னல்களின் அந்தரங்கம் அவர் கைப்பட மூடப்பட்டது. கோல்ஃப் விளையாடப் போன கணவர் அங்கேயே வேறொரு துணையைக் கண்டுபிடித்துக்கொண்டதும், லொரெய்ன் துக்கம் கொண்டாடாமல் கழகத்தின் விளம்பரத்தைப் படித்தார். 'ஆரம்ப நிலையினரை அன்போடு வரவேற்கிறோம்' என்று அதில் இருந்தது. அந்த வரவேற்பை ஒவ்வோர் ஆண்டும் விடாமல் ஏற்றுக்கொண்டு வருகிறார். மற்றவர்கள் ஆரம்ப நிலையிலிருந்து முன்னேறிப் போய்விட்டார்கள். லொரெய்ன் அப்படி அவசரப்படுகிறவர் அல்லர்.

அவர் சறுக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். காலில் மாட்டிய சறுக்குக் கட்டைகளின் முன்முனைகளை ஒட்டவைத்து, பின்பக்கத்தை அகல விரித்து, முட்டியை மடக்கி, உட்காரப்போகிறவர் நாற்காலியைத் தேடுவதுபோல் இறங்குவார். கலப்பை நடை என்று அதற்குப் பெயர். முதல்நாள் குழந்தைகளுக்குச் சொல்லித்தருவது. குழந்தைகள் இரண்டொரு நாளில் அதை விட்டுவிடும்; லொரெய்ன் விடவில்லை. கட்டை முனைகளிலிருந்து கண்ணை எடுப்பதும் இல்லை. எதிரே பெரிய மலையெல்லாம் இருப்பதாக அவருக்குக் கேள்வி ஞானம் உண்டு. ஊருக்குத் திரும்பியதும் தபால் அட்டைகளில் சரிபார்த்துக்கொள்வார்.

வாழ்க்கையில் அவருக்குக் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் பொலென்டா.

வியாழக்கிழமை கழகம் கணவாயைக் கடந்து இத்தாலிக்குப் போகும். எல்லைக்கு அப்பால் சரிவின் அடியில் ஓர்னெல்லா என்ற அம்மாள் உணவகம் நடத்துகிறார். சோளமாவைச் செம்புக் கொப்பரையில் கிளறி, மேலே மான்கறிக் குழம்பை ஊற்றித் தருவார். அதுதான் பொலென்டா. லொரெய்ன் ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்த நாளில் முட்டி பிசகியவர்களோடு கீழே உட்கார்ந்து கொக்கோ குடிப்பார். போய்வந்தவர்கள் அன்று மாலை பொலென்டாவைப் பற்றிப் பேசுவார்கள். மறுநாள் பேசுவார்கள். விமானத்தில் பேசுவார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்திலும் ஒரு வரி எழுதுவார்கள். சாப்பிடாத பண்டத்தின் ருசியை இவ்வளவு காலம் காதால் அனுபவித்தால் யாருக்குத்தான் வயிறு சும்மா இருக்கும்?

தடையாக இருந்தது ஒரு மணி. மாட்டுக் கழுத்தில் கட்டும் பித்தளை மணி, பூசணிக்காய் அளவு. அன்றன்றைக்குப் பெரிய முட்டாள்தனம் செய்தவரை இரவு உணவின்போது எல்லோரும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் மறுநாள் முழுக்க அந்த மணியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சறுக்க வேண்டும். மணி மாட்டியவர் கணவாய்க்கு வரக் கூடாது என்பது தலைவர் நைஜல் ஃபெதர்ஸ்டோன் வகுத்த சட்டம். நைஜல் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பழக்கப்பட்டவர். புதன்கிழமை இரவு மணி யாருக்கு என்பதில் பெரும்பாலும் போட்டி இருக்காது.

அந்த ஆண்டும் இல்லை. கால்களுக்கிடையே ஒரு வட்டத் தட்டை வைத்துக்கொண்டால் சரிவில் மேலே இழுத்துப்போகும் லிஃப்டில், உச்சிக்குச் சற்று முன்னால் லொரெய்ன் தட்டை நழுவவிட்டார். பின்னோக்கி இறங்கினார். வரும் வழியில் கழகத்தின் கணக்கர் டெரெக்கையும், டெரெக்குக்குப் பின்னால் ஒரு ஜெர்மானியக் குடும்பத்தையும், குடும்பத்துக்குப் பின்னால் ஒரு பாதிரியாரையும் சேகரித்துக்கொண்டு அடிவாரம் போய்ச் சேர்ந்தார்.

"மணி யாருக்குங்கறதுல சந்தேகம் இருக்கா?" என்றார் நைஜல் அன்றிரவு.

"பாதிரியாரோட ஓட்டையும் சேர்த்துக்கலாமா? பாவம், ஒரு வார்த்தை திட்டல அந்த மனுஷன்," என்றார் டெரெக், இடுப்பைத் தடவிக்கொண்டே.

"மாட்டிவிடு கண்ணு. எங்கழுத்து பழகிப்போச்சு," என்றார் லொரெய்ன். யார்க்‌ஷயர்க்காரர், கவர்னராக இருந்தாலும் கண்ணுதான் அவருக்கு.

"நல்லது. அப்ப நாளைக்கு வழக்கம்போல லொரெய்ன் கீழ இருந்துப்பாங்க."

டண்டீயில் வேதியியல் கற்பிக்கும் மொராக் அப்போது முள்கரண்டியைக் கீழே வைத்தார். வகுப்பில் அவர் கையிலிருப்பதை இப்படிக் கீழே வைத்தால் மாணவர்கள் ஜன்னல் பக்கம் நகர்வார்களாம்.

"நைஜல், மணி போட்டவங்க நாள் முழுக்கக் குழுவோடயே இருக்கணும்னு ஒரு சட்டம் இருக்கே, அது யார் போட்டது?"

"நான்தான்."

"மணி போட்டவங்க கணவாய்க்கு வரக் கூடாதுங்கறது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப ரெண்டையும் காப்பாத்தணும்னா ஒரே வழிதான். நாளைக்கு நாம எல்லாரும் கீழயே உக்காந்து கொக்கோ குடிக்கணும்."

கழகம் கணக்குப் போட்டுப் பார்த்தது. சட்டத்தை மீறுவதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்று நினைக்கும் சாதி அது. ஆனால் கொப்பரையும் மான்கறியும் ஒவ்வொருவர் மனக்கண்ணிலும் ஒருமுறை வந்துபோயின.

"வரட்டும்யா அவங்க," என்றார் டெரெக் கடைசியில். "எனக்குக் கொக்கோ ஒத்துக்காது."

நைஜல் தொண்டையைச் செருமினார். "சரி. ஆனா ஒண்ணு. ஒரு மணிக்கு நம்ம மேசை. லேட்டாப் போனா ஓர்னெல்லா அதைச் சுவிஸ்காரங்களுக்குத் தூக்கிக் குடுத்துருவா. லொரெய்ன், உங்களால மேசை போச்சுன்னா, இந்த ஜென்மத்துல கணவாய்ப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம் கண்ணு," என்றார் லொரெய்ன். அன்று அவர் ரொட்டித் துண்டுகூடத் தேடவில்லை. வயிற்றில் நாளைக்கு இடம் வைத்தார்.

மறுநாள் காலை வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. கணவாய்வரை லிஃப்டில் போனார்கள். இத்தாலிக்குள் சறுக்கத் தொடங்கியதும், எங்கோ கீழே காத்துக்கொண்டிருந்த மேகம் ஒன்று எழுந்துவந்து மலையை மூடியது. வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. நைஜல் தன் சிவப்பு மேல்சட்டையோடு முன்னால் போனார். "என் பின்னாலயே வாங்க" என்ற குரல் கேட்டது. ஒவ்வொருவரும் முன்னால் போனவரைப் பார்த்துப் போனார்கள். எல்லோருக்கும் பின்னால், கணகணவென்று மணி ஆட, கட்டை முனைகளைப் பார்த்தபடி லொரெய்ன்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கழகம் முழுவதும் பனிமூட்டத்தில் ஒரே வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

"ஏன் நிக்கறோம்?" என்றார் லொரெய்ன் நிற்க முயன்றபடி.

"ஷ்," என்றார் டெரெக். "நைஜல் யோசிச்சுட்டு இருக்கார்." வரிசையின் தலையில் சிவப்பாக ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

"எவ்வளவு நேரமா?"

"நல்ல நேரமாவே."

"யாராவது கேட்டீங்களா?"

"கேட்டா, வழி தெரியலேன்னு அவர் வாயால சொல்ல வைக்கற மாதிரி ஆயிடும். நல்லாருக்காது."

"நான் ரெண்டு தடவ இருமினேன்," என்றார் முன்னாலிருந்து மொராக். "அதுக்கு மேல என்ன பண்ண முடியும்?"

லொரெய்ன் நின்றிருந்தால் கதை அங்கேயே உறைந்திருக்கும். ஆனால் தரை பனிக்கட்டியாக இறுகியிருந்தது. கலப்பை பிடிக்கவில்லை. அவர் மெல்ல, தடுக்க முடியாதபடி, டெரெக்கைக் கடந்தார். மொராக்கைக் கடந்தார். இங்கிலாந்தில் கொலைக்கு மன்னிப்பு உண்டு, வரிசையை மீறுவதற்கு இல்லை. வழியெல்லாம் "மன்னிச்சுக்க கண்ணு, மன்னிச்சுக்க கண்ணு" என்று சொல்லிக்கொண்டே போய், வரிசையின் தலையில் நின்ற தலைவரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத்தான் நின்றார்.

தலைவர் மெத்தென்று இருந்தார்.

லொரெய்ன் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். திரைச்சீலைக் கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம். "இது நைஜல் இல்ல," என்றார் திரும்பி. "கம்பம். லிஃப்டுக் கம்பம். யாரும் வந்து முட்டிக்கக் கூடாதுன்னு மெத்தை சுத்தியிருக்காங்க."

கழகம் இந்தச் செய்தியைக் கண்ணியமாக உள்வாங்கிக்கொண்டது.

"நானும் நெனச்சேன்," என்றார் டெரெக். "இன்னிக்குக் கொஞ்சம் உயரமா இருக்காரேன்னு."

அப்போது கீழேயிருந்து, பனிமூட்டத்துக்குள், மெல்லிய குரல் வந்தது. "அந்த மணிய நிறுத்தாதீங்க."

லொரெய்ன் மணியை ஆட்டினார். ஆட்ட ஆட்ட, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அசல் நைஜல் பக்கவாட்டில் அடி வைத்து ஏறி வந்தார். மீசையில் பனி தொங்கியது.

"என் பின்னாலதானே வந்தீங்க எல்லாரும்?"

"கம்பத்துக்குப் பின்னால நின்னோம்," என்றார் மொராக். "பெரிசா வித்தியாசம் தெரியல."

நைஜல் அதைக் கேட்காதவர்போல் மறுபடி முன்னால் கிளம்பினார். ஒரு வளைவு வளைத்தார். இரண்டாவது வளைவில், நின்ற இடத்திலேயே, மரம் சாய்வதுபோல் சாய்ந்தார். "நான் போறேனா நிக்கறேனான்னே தெரியல," என்றார் படுத்தபடி. மற்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். எதிரே சரிவா பள்ளமா, மேடா சுவரா எதுவும் தெரியவில்லை. இத்தனை ஆண்டும் தூரத்தைப் பார்த்துப் பறந்தவர்களுக்குத் தூரம் இல்லாமல் போனதும் காலும் இல்லாமல் போயிற்று.

லொரெய்னுக்கு அவர்கள் துயரம் விளங்கவே இல்லை. குனிந்து பார்த்தார். கட்டை முனைகள் இருந்தன, வழக்கமான இடத்தில். முனைகளுக்கு அப்பால், பாதையோரத்தில் நட்டிருக்கும் குச்சி ஒன்றின் அடி தெரிந்தது. இதற்கு மேல் அவர் எப்போதும் எதையும் பார்த்ததில்லை. மேகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுமில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. எங்கோ கீழே ஒரு கொப்பரையில் கரண்டி அடிதட்டும் சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது.

"ஏன் கண்ணுங்களா, இதுல என்ன புதுசு? எனக்கு என்னிக்கும் இப்படித்தான்," என்றார். "கட்டைய அகட்டுங்க. முட்டிய மடக்குங்க. மணி கேட்டா வாங்க, கேக்கலேன்னா நில்லுங்க."

இறங்கினார். பின்னால் மொராக், டெரெக், மற்றவர்கள், கடைசியில் தலைவர். எல்லோரும் முனையை ஒட்டி, பின்னால் அகட்டி, நாற்காலி தேடும் முட்டிகளோடு. குச்சி வந்தது, அடுத்த குச்சி வந்தது. "தொடை எரியுது," என்று டெரெக் முனகினார். "எரியத்தான் செய்யும். எனக்குப் பல வருஷமா எரியுது," என்றது மணிக்கு அருகிலிருந்து ஒரு குரல்.

உணவகத்தில் ஓர்னெல்லா மணிச்சத்தம் கேட்டுக் கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். "குளிர்காலத்துல யாரோட மாடு இது?" என்று பனிமூட்டத்தைக் கேட்டார். பனிமூட்டம் லொரெய்னைத் தந்தது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கழகத்தைத் தந்தது.

நைஜல் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. லொரெய்னும் பார்த்தார். அவர் கை தானாக மணியைப் பிடித்து அமைதியாக்கியது. "எங்க மேசை..." என்றார்.

"எந்த மேசை வேணும்? எல்லாமே காலி," என்றார் ஓர்னெல்லா. "சுவிஸ்காரங்க மேலேர்ந்தே போன் பண்ணிட்டாங்க, கண்ணு தெரியல, வரலேன்னு. இன்னிக்கு மலை தாண்டி வந்தது நீங்க மட்டும்தான்." பிறகு மணியைத் தொட்டுப் பார்த்தார். "இதைப் போட்டவங்கதான் எப்பவும் முன்னால வருவாங்களா?"

"இல்ல. இன்னிக்கு மட்டும்தான்," என்றார் நைஜல் அவசரமாக. "மத்த நாள்ல மணி கடைசிலதான் வரும்."

"எங்க ஊர்ல மணி கட்டுன மாடு முன்னாலதான் போகும். மத்ததெல்லாம் பின்னால வரும். பின்னால கட்டி என்னத்துக்கு ஆகும்?" என்று சொல்லிவிட்டுக் கொப்பரையைப் பார்க்கப் போனார்.

லொரெய்ன் வாழ்க்கையில் கேட்ட மிகச் சிறந்த பாராட்டு அது. அதில் மாடு என்ற சொல் இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

தட்டு வந்தது. மஞ்சளாக, ஆவி பறக்க, குழம்பு ஓரத்தில் வழிய. கழகம் முழுவதும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் லொரெய்னைப் பார்த்தது. அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். விழுங்கினார்.

"உப்பு ஒரு சிட்டிகை கம்மி," என்றார். அப்புறம் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டார். அதையும் முடித்துவிட்டு, டெரெக் மிச்சம் வைக்கப்போகிறாரா என்று விசாரித்தார்.

திரும்பும்போது மேகம் கலைந்து வெயில் அடித்தது. லிஃப்டில் மேலே போகையில் அந்தக் கம்பத்தின் சிவப்பு மெத்தை காலடியில் கடந்துபோயிற்று. டெரெக் தொப்பியைத் தூக்கி அதற்கு மரியாதை செய்தார். கணவாயில் இறங்கியதும் கீழே பிரான்ஸ் முழுவதும் பளபளவென்று விரிந்து கிடந்தது. எல்லோரும் கட்டைகளை மாட்டினார்கள். யாரும் அசையவில்லை.

நைஜல் ஓரமாக ஒதுங்கிக் கையை நீட்டினார். "நீங்க முதல்ல, லொரெய்ன்."

லொரெய்ன் அப்போதுதான், என்னவோ தோன்றி, முனைகளிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"அடேயப்பா," என்றார். "இது இவ்வளவு செங்குத்தா?"

"இத்தனை வருஷமா இதே மாதிரி மலையிலதான் எறங்கிட்டு இருக்கே நீ," என்றார் மொராக்.

"யாரும் சொல்லவே இல்லையே," என்று லொரெய்ன் கண்ணை மறுபடி முனைகளுக்கே இறக்கிக்கொண்டார். கட்டையை அகட்டினார். மணி ஆடியது.

அந்தப் பிற்பகல் மோன்-கிவ்ர் மலையில் இருந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டார்கள். பளிச்சென்ற வெயிலில், பறந்து போகக்கூடிய அகலமான சரிவில், வயது வந்த ஆங்கிலேயர்கள் ஒரே வரிசையாக, முட்டியை மடக்கி, ஒரு மாட்டு மணிக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக இறங்கி வந்தார்கள். எல்லோராலும் முந்த முடியும். வரிசையை மீற யாருக்கு மனசு வரும்? பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் குழந்தைகள் கூட்டம் விர்ரென்று அவர்களைக் கடந்து போனது. நைஜல் ஏக்கத்தோடு அவர்களைப் பார்த்தார்.

"போகட்டும் கண்ணு, சின்னப் பசங்க," என்றார் லொரெய்ன் திரும்பாமலே. "நமக்கு என்ன அவசரம்."