கதவோரத்தில் ஒளிந்திருந்த கைகாட்டி

நான் கே.கே. நகரில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை. போன வருடம், 1985-இல், முப்பது வருடப் பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினேன். "காயலான் கடைக்குப் போறதை வீட்டுக்குக் கொண்டு வாரியே" என்று என் அண்ணன் சிரித்தார். பழங்காநத்தத்தில் ஒரு பட்டறையில் அதைப் புதுப்பிக்க விட்டேன்.

தகர வேலை பார்த்த முத்து, கதவோரத்தில் பெயின்டைச் சுரண்டியபோது ஒட்டுத் தகரம் ஒன்று தெரிந்தது.

"துரு ஏறியிருக்கு டீச்சர். வெட்டிட்டுப் புதுத் தகரம் வச்சு அடைச்சிரவா?"

யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். உளி இறங்கியதும் உள்ளே ஏதோ நொறுங்கியது. பதறிப்போய் நிறுத்தச் சொன்னேன். மெல்ல நெம்பிப் பார்த்தால், திரும்பும்போது வெளியே நீண்டு திசை காட்டும் சாண் நீளக் கைகாட்டி. கார் கம்பெனியே பொருத்தியது; பிற்பாடு யாரோ அதன்மேல் தகரம் வைத்து மூடியிருக்கிறார்கள். அதன் ஆரஞ்சு மூடி என் அவசரத்தால் உடைந்திருந்தது.

அண்ணன் வந்து பார்த்தார். "பொம்பள கார் ஓட்டுறதே ஊருக்கு வேடிக்கை. இதுல கை வேற நீட்டணுமா? அடைச்சிட்டு, எல்லா கார்லயும் இருக்கிற மாதிரி மினுக்குற லைட்டை மாட்டு."

"வேடிக்கை பாக்குறவங்க பாக்கட்டும்ண்ணே. இது இருந்தபடியேதான் ஓடும்" என்றேன்.

மறுபக்கத் தகரத்தை நானே நின்று திறக்க வைத்தேன். அந்தக் கைகாட்டி முழுசாகக் கிடைத்தது. உடைந்ததற்கு வேறு மூடி செய்து போட்டோம்.

இப்போது ஒரு திருகாணியைக் கழற்றுவதானாலும் நான் பார்த்த பிறகுதான். பள்ளிக்குப் போகும்போது திருப்பத்தில் விசையைத் தட்டுகிறேன். கை எழுகிறது. பின்னால் வரும் லாரியும் நின்றுதான் போகிறது.