‘நாங்கள்’ என்று யாரும் சொல்லாத வண்டி

அம்மா எழுதிய ஆட்டங்களில் கடைசி ஒன்று மட்டும் முடியவில்லை. அதன் கடைசிப் பக்கம் காலியாக இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெராக்ஸ் கடையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததென்று மருத்துவர் சொன்னார். அடக்கம் சனிக்கிழமை காலை. அதற்குள் ஆட்டத்தை முடித்து, நகல் எடுத்து, பின் அடித்து, பெட்டிக்குள் அவள் கையருகே வைக்க வேண்டும். முடியாத ஆட்டத்தை அம்மா வீட்டை விட்டு வெளியே அனுப்பியதே இல்லை.

அவள் பெயர் டிட்டாஸ். மணிலாவுக்குத் தெற்கே ஏரிக்கரை ஊரான லாஸ் பான்யோஸில், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையில்தான் அவள் காலம் போயிற்று. நகல் எடுக்கும் எதையும் படிக்காமல் விட மாட்டாள். ஆய்வேடு, காதல் கடிதம், நில வழக்கு, எல்லாம். ஒருநாள் மாணவர்கள் வேறு மாதிரித் தாள்களைக் கொண்டுவந்தார்கள். வலிமை எவ்வளவு, துணிச்சல் எவ்வளவு, கையில் என்ன வாள் என்று கட்டம் கட்டமாக இருந்தது.

“இது யாரு? இவனுக்கு எதுக்கு இத்தனை எண்ணு?” என்று கேட்டாள்.

“அது நான்தான் அக்கா,” என்றானாம் ஒல்லியான ஒருவன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பேசிப் பேசியே நடத்தும் ஆட்டம் அது. பலகை கிடையாது. சட்டங்களும் பகடையும் உண்டு. ஒருவன் வராத நாளில் அம்மாவை உட்காரவைத்தார்கள். மை படிந்த கையோடு போனவள், மறுவாரமே அவர்களுடைய சட்டங்களைத் திருத்த ஆரம்பித்தாள்.

வாளும் பூதமும் சீக்கிரம் அலுத்துவிட்டன. அவள் எழுதிய முதல் ஆட்டத்தில் எல்லோரும் நகராட்சி அலுவலக வரிசையில் நிற்பார்கள். இன்னொன்றை மின்வெட்டில் மட்டும்தான் ஆட முடியும். ஏரி வெள்ளம் வடிந்த வீட்டில் அக்கா தங்கைகள் பாத்திரம் பிரித்துக்கொள்ளும் ஆட்டத்தை ஆடிவிட்டு, உண்மையான ஓர் அக்காவும் தங்கையும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. சோற்றைப் பாதியில் விட்டு எழுவாள். முள்கரண்டியை ஓர் ஆளாகவும் கரண்டியை இன்னோர் ஆளாகவும் நிறுத்திப் பேசவிடுவாள். பின் அடித்து அடுக்கிய புத்தகங்களை நகத்தால் பிரித்து ஒரு வரியை மாற்றுவாள். மணிலா சந்தையில் மேசை போட்டு விற்கும்போது, வாங்கியவர் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்த பிறகும், “ஆறாம் பக்கத்துல ஒண்ணு மாத்தணும், குடுங்க!” என்று பின்னால் ஓடுவாள்.

நான் லிஃப்ட் பரிசோதகர். கதவு மூடாவிட்டால் என்ன ஆகும், மின்சாரம் போனால், எடை கூடினால் என்ன ஆகும் என்று எல்லா நிலைக்கும் விடை இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன். அம்மாவின் சட்டங்களைச் சோதிப்பதும் என் வேலையாக இருந்தது. “உடைச்சுக் காட்டு,” என்று தாள்களை நீட்டுவாள். உடையவில்லை என்றால் நான் சரியாகப் படிக்கவில்லை என்று திட்டுவாள்.

கடைசி ஆட்டம் இதுதான். துக்க வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். வழியில் எங்காவது இறங்கி, கஞ்சியோ காபியோ குடித்து, பின்னால் ஒட்டி வரும் ஆவியை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். அப்படித் திரும்பும் சிலர் ஒரு ஜீப்னியில், எதிரெதிரே பெஞ்சு போட்ட ஷேர் வண்டியில், இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் இறந்தவர். யாரென்று அவருக்கே தெரியாது.

எங்கள் மொழியில் ‘தாயோ’ என்றால் நாம். ‘காமி’ என்றால் நாங்கள். பேச்சில் ஒருவரைப் பார்த்து ‘நாங்கள்’ என்று சொல்லிவிட்டால், கேட்டவர் வெளியே. அவர் முன் ஒரு சோழி விழும். மூன்றாவது சோழி யார் முன் விழுகிறதோ அவர் இறந்தவர். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்க வேண்டும்.

“இதை ஆங்கிலத்துல எப்படிப் போடுவே?” என்று கேட்டேன்.

“அவங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்லாம். யாரு உள்ளே, யாரு வெளியேன்னே தெரியாம பேசிட்டிருக்காங்க, பாவம்.”

தாள்களை இரண்டாம் தடவை படித்தேன். “யாருமே ‘நாங்க’ன்னு சொல்லலைன்னா?”

“சொல்லுவாங்க.”

“சொல்லலைன்னா?”

“வண்டி போய்க்கிட்டே இருக்கும்.”

“அப்படி ஒரு நிலை இருக்கக் கூடாதும்மா. முடியணும்.”

“கேக்கறா பாரு கேள்வி,” என்றாள். முகத்தில் சந்தோஷம். மறுநாளிலிருந்து தூக்கம் போயிற்று. மணல் கடிகாரம் வைத்தாள், எடுத்தாள். பகடை வைத்தாள். “பகடை போட்டு ஒருத்தரை இறக்கிவிடறது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு,” என்று அதையும் அடித்தாள். ஓட்டுநர் தீர்மானிக்கட்டும் என்று எழுதி, “அவன் யாரு அதைச் சொல்ல?” என்று அவளே சண்டை போட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டு முன் தார்ப்பாய்க்குக் கீழே, துக்க வீட்டு வழக்கப்படி, சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மின்விசிறி ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. மறுபடி தொட்டேன். அம்மாவின் முகம் தெரியும் பெட்டிக் கண்ணாடியைத் துடைத்தேன். கடையில் அம்மாவோடு வேலை பார்த்த வெங் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காரு மூத்யா. கண்ணாடி தேஞ்சுடப் போகுது.”

அம்மாவின் பழைய ஆட்டக்காரர்கள் டெல்ஃபினும் அவர் மனைவி யோலியும் வந்திருந்தார்கள். அவர் மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவள் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள்.

“தாளைப் பாத்துக்கிட்டே இருந்தா முடிவு வராது,” என்றார் டெல்ஃபின். “ஆடிப் பாப்போம். அக்கா பக்கத்துலயே இருக்கா, யாரும் ஏமாத்த முடியாது.”

மேசையைப் பெட்டிக்கு அருகே நகர்த்தி நால்வரும் உட்கார்ந்தோம். முதலில் சிரிப்பாகத்தான் போயிற்று.

“நாங்க அழகானவங்க முன்னாடி உக்காருவோம். நீ பின்னாடி போ,” என்றார் டெல்ஃபின், வெங்கிடம். வெங் முன் ஒரு சோழி.

“நாங்க பொம்பளைங்க பேசறப்ப நீங்க வாயை மூடணும்,” என்றாள் யோலி.

“அதைக் கல்யாணத்தன்னிக்கே மூடிட்டேனே.” அவர் முன் ஒரு சோழி.

எல்லோர் முன்னும் இரண்டிரண்டு சேர்ந்ததும் பேச்சு மாறியது.

“நமக்கெல்லாம் பசிக்குது, இல்ல?”

“நாம கலம்பா தாண்டிட்டோமா?”

“நாம பாட்டு போடச் சொல்லலாம்.”

டெல்ஃபின் எதையோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தார். பெட்டியைப் பார்த்தார். “நாம கொஞ்சம் தள்ளி உக்காருவோம்,” என்று முடித்தார். யாரும் யாரையும் வெளியே விடவில்லை. வண்டி ஏரியைச் சுற்றியது. மறுபடியும் சுற்றியது.

“டிட்டாஸ் நம்மளை வண்டியிலயே பட்டினி போட்டுக் கொல்லப் போறா,” என்றாள் யோலி. அதிலும் ‘நம்மளை’தான்.

நான் சொல்லியிருக்கலாம். யாரைப் பார்த்தாவது ஒரே ஒரு சொல். மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். ஓட்டை நான் சொன்ன இடத்திலேயே இருந்தது. அம்மா வெறுங்கையோடு போவாள் என்று நினைத்தேன்.

யோலிதான் எழுந்தாள். நாளை அடக்கத்துக்கு வருபவர்களுக்கு அவள்தான் சமையல். பையைத் தோளில் மாட்டி, கணவனின் காலைத் தட்டிவிட்டு, என் தலையைத் தடவினாள்.

“அரிசி ஊறப்போட்டிருக்கேன் மூத்யா, நேரமாச்சு. நாங்க கிளம்பறோம்.”

வெங் தலை நிமிர்ந்தாள். யோலி தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ, அதை ஆட்டத்துல சொல்லலை! வீட்டுக்குப் போறதுக்குச் சொன்னேன்!”

டெல்ஃபின் தாளைப் புரட்டினார். குரல் இறங்கியிருந்தது. “மூணாம் பக்கம். ‘மேசையில் பேசும் எந்தச் சொல்லும் வண்டிக்குள் பேசிய சொல்லே.’ அக்கா எழுதினது.”

“நீங்க சும்மா இருக்க மாட்டீங்களா? பிள்ளை முகத்தைப் பாருங்க!”

“பரவாயில்லை,” என்றேன். மூன்றாவது சோழியை நானே எடுத்து என் முன் வைத்தேன். “சட்டப்படி சரி.”

சரியாகத்தான் இருந்தது. வந்தவர்களில் ஒருவருக்கு அரிசி ஊறும், ஒருவருக்குக் கடைசி வண்டி போய்விடும். யாராவது எழுந்து ‘நாங்க கிளம்பறோம்’ என்று வீட்டுக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. தடுக்கவும் முடியாது. ஆட்டம் முடிந்துவிடும்.

“நிறுத்துங்க,” என்றேன். “நான் இங்கே இறங்கிக்கறேன்.”

யோலி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். துக்க வீட்டுக்காரர் யாரையும் வழியனுப்பக் கூடாது என்பதால் நான் எழவில்லை. அவர்கள் தெருமுனையில் கஞ்சிக் கடைக்குள் நுழைவது தெரிந்தது.

வெங் பேனாவை எடுத்தாள். நான் சொல்லச் சொல்லக் காலிப் பக்கத்தில் எழுதினாள்: ‘யாராவது ஒருவர் உண்மையாகவே வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அவர் விடைபெறும் சொல்லையும் கணக்கில் எடுக்கவும்.’ தாள்களைச் சுருட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பியவளை வாசலில் நிறுத்தினேன்.

“இரு வெங். ஆடறவங்க எல்லாரும் ஒரே வீட்டுக்காரங்களா இருந்தா? யாரும் எங்கேயும் கிளம்ப வேண்டாமே.”

“அப்ப?”

பதிலுக்காகப் பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டேன். அம்மாவும் நானும் மட்டும், சமையலறை மேசையில், ஏரியைச் சுற்றிச் சுற்றி. அந்த ஓட்டையை அடைக்க வழியா இல்லை? ஒரு வரி போதும். மூன்று விதமாக மனத்துக்குள் எழுதியும் பார்த்துவிட்டேன்.

“சீக்கிரம் சொல்லுடி. கடையைப் பூட்டிடுவாங்க.”

“அதை அப்படியே விடு,” என்றேன். “அந்த வண்டி ஓடட்டும்.”