ஜப்பான் பேய்ப் படமும் எங்க மூஞ்சியப் பாத்த கேமராவும்

நேத்து சாயங்காலம் எங்க தங்கச் சுரங்க ஊரு கோரமண்டல்ல ஜப்பான் பேய்ப் படம் பாத்தோம். ஃப்ரீ!

ஃப்ரீன்னதுமே எனக்கு சந்தேகம் வந்துச்சு.

பெங்களூர்ல இருந்து ஒரு ஃபிலிம் கிளப்பாம். அந்தக் காலத்து பிளாக் அண்ட் ஒயிட் படமாம், கிளாசிக்காம். மூடிக் கெடந்த ஹாலைக் கூட்டிப் பெருக்கி, டீயும் பன்னும் குடுத்து, மைன்ஸ் குடும்பங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் ஷோ.

எங்களுக்கு இன்னாத்துக்கு? (நம்ம ஊருக்கு வெளியாளு வந்தா ஒண்ணு வீட்ட அளப்பான், இல்ல ஓட்டு கேப்பான்.)

எங்கப்பா அண்டர்கிரவுண்ட்ல வேலை பாத்து ரிட்டயர்ட் ஆனவரு. அவரு என்னை விட மோசம். "டீ குடிக்காத. குடிச்சிட்டா நாளைக்கு குவார்ட்டர்ஸ காலி பண்ணுன்னு வந்து நிக்கும்போது பேச வாய் வராது"ன்னாரு.

பன்னு மட்டும் வாங்கிகினாரு. (அதுக்கு அந்த ரூல் கெடையாதாம்.)

அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகமும் இல்ல. பவுடர் போட்டுகினு, அப்பாவ இழுத்துகினு போய் மொத வரிசையில உக்காந்துச்சு.

லைட் ஆஃப் ஆனப்புறம்தான் கவனிச்சேன். ஸ்கிரீனுக்குக் கீழ கேமரா வச்சிருக்காங்க. படம் அந்தாண்ட ஓடுது, கேமரா எங்க மூஞ்சியப் பாக்குது.

எழுந்து போய் தாடி வச்ச ஆர்கனைசர் தம்பிகிட்ட கேட்டேன். "இது இன்னாத்துக்கு எங்களப் புடிக்குது?"

"சும்னே, சும்மாதான் ஆன்ட்டி, மெமரிக்கு."

(ஆன்ட்டியா? அவன் மேல இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அதுல போச்சு.)

படம் நல்லாதான் இருந்துச்சு. மலைச்சாமிக்கு நேந்துகினத குடுக்காம ஊர்க்காரங்க ஏமாத்துறாங்க. சாமிக்கு கோவம் வருது. எங்காளுங்க ஒருத்தரும் பயப்படல. "ஏமாத்தினா வுடுமா?"ன்னு அப்பா சாமி பக்கம் பேசிகினு இருந்தாரு.

அப்போ மலைக்குள்ள இருந்து டம்முனு ஒரு சத்தம். பெரிய ஸ்பீக்கர் வேற. தரையே அதிர்ந்துச்சு.

மொத வரிசையில இருந்த அம்மா வயசு பொம்பளைங்க எல்லாம் எழுந்து வெளிய ஓடுறாங்க. எங்கம்மா செருப்பு கூட போடல.

வெளியூர்க்காரங்களுக்கு சொல்லிடறேன். மைன்ஸ் ஓடின காலத்துல உள்ள பாறை வெடிச்சா மேல வீடே ஆடும். ஏர் பிளாஸ்ட்னு சொல்வோம். சத்தம் கேட்டதும் பொம்பளைங்க அடுப்ப அப்படியே வுட்டுட்டு சுரங்க வாய் ஷாஃப்ட்டுக்கு ஓடுவாங்க. ஆளுங்கள ஏத்திகினு கேஜ் மேல வரும்போது அதுல நம்மாளு இருக்காரான்னு பாக்க.

மைன்ஸ் மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு. காலுக்கு அது தெரியல.

நான் பின்னாடியே ஓடினேன். அம்மா ஹால் கேட்டப் புடிச்சிகினு பழைய ஷாஃப்ட் பக்கமா பாத்துகினு நிக்குது.

"இன்னாம்மா ஆச்சு?"

"உங்கப்பா ஷிஃப்ட்ல இருக்காருடி."

அப்பா பின்னாடி வந்து நிக்கிறாரு, கையில பன்னோட. "இன்னாமே, நான் உன் பக்கத்துலதான குந்திகினு இருந்தேன்."

அம்மா அவர திரும்பிப் பாத்துச்சு. தோள்ல ஒரு அடி வச்சுது. அப்புறம் அங்கயே ஓன்னு அழுதுச்சு. எனக்கும் தாங்கல.

மூணு பேரும் உள்ள வந்தா, தாடித் தம்பி ஃபிரண்ட்ஸுக்கு போன்ல வீடியோவப் போட்டுக் காட்டிகினு இருக்கான். "செம ரியாக்ஷன் மச்சா. பேய்க்கு பயந்து ஓடுறாங்க பாரு, ரீலுக்கு சூப்பர்."

சந்தேகப்பட்டேன் இல்ல?

"டெலிட் பண்ணு. எங்கம்மாவ வச்சு ஊரு சிரிக்கணுமா?"ன்னேன். குரல் எக்கச்சக்கமா ஏறிடுச்சு.

அம்மா அந்த போன வாங்கி, தான் ஓடுறத முழுசா பாத்துச்சு. திருப்பிக் குடுத்துச்சு.

"அழிக்காத தம்பி, போடு. ஆனா பேய்க்கு பயந்து ஓடினாங்கன்னு எழுதாத. புருஷன் உசுரோட மேல வந்தாரான்னு பாக்க ஓடினாங்கன்னு எழுது."

சரி ஆன்ட்டின்னு தலையாட்டினான். இன்னும் போடல. எனக்கு இன்னும் நம்பிக்கை இல்ல.

அந்த ரீல் உங்க கண்ணுல பட்டா, சிரிக்கறதுக்கு முன்னாடி கீழ என்ன எழுதியிருக்கான்னு பாத்து எனக்கு சொல்றீங்களா?