அறுபத்திரண்டு அங்குல வில்

சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசைக்கு முன்னால் பத்தொன்பது வருடம் நின்றவள் அவள். அங்கே எல்லோரும் அவளை டேப்பக்கா என்றார்கள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் நிற்பவரின் தோளையும் மணிக்கட்டையும் கண்ணால் அளந்துவிடுவாள். அரை அங்குலத்துக்கு மேல் தப்பாது.

நாற்பத்து நான்காவது வயதில் அவள் வில் பிடித்தாள். அவள் கணவர் ஒரு வில்வித்தை மன்றத்தின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்பவர். காலையில் அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போனவள், வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். ஒருவர் நாணை இழுத்து, கன்னத்தோடு சேர்த்து, விடுவதற்கு முன் ஒரு கணம் அசையாமல் நின்றார். அந்த நிற்றல் அவளுக்குப் பிடித்துப்போனது. அம்பு எங்கே போனது என்றுகூட அவள் பார்க்கவில்லை.

சாமான் அறையின் கதவில் கணவர் பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார். புதிதாக வருபவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோடு ஒட்டி நிற்க வேண்டும். கீழ்க்கோட்டைத் தலை எட்டவில்லை என்றால் அறுபத்திரண்டு அங்குல வில். இரண்டு கோட்டுக்கும் நடுவில் என்றால் அறுபத்தாறு. மேலே போனால் அறுபத்தெட்டு. பதினாறு வருடமாக இதுதான் வழக்கம். மனைவி என்று அவர் சலுகை காட்டவில்லை. அவளையும் கதவில் நிறுத்தினார். ஐந்தடி ஒரு அங்குலம். அறுபத்திரண்டு வில்லை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இரண்டு வருடம் அவள் அந்த வில்லோடு போராடினாள். நாணைப் பாதிவரை இழுக்கும்போது ஒன்றும் தெரியாது. கடைசி இரண்டு அங்குலத்தில் வில் கல்லாக இறுகிவிடும். நாண் கூர்மையாக மடங்கி, மூன்று விரல்களையும் அம்போடு சேர்த்து நசுக்கும். மோதிர விரல் நழுவும், அம்பு துள்ளும். பயிற்சியாளர் அவள் விரலைத் திருத்தினார், முழங்கையைத் திருத்தினார், மூச்சைத் திருத்தினார். கணவர் சாமான் அறை வாசலில் நின்றபடி, "விரல் நோகுதுன்னு சொல்லிட்டு ஓடிப்போனவங்க லிஸ்ட்ல நீயும் சேரப் போறியா?" என்று கேட்பார். கேலிதான். ஆனால் அவள் சிரித்ததில்லை.

இரண்டாவது வருட முடிவில் விஷயம் கேலியோடு நிற்கவில்லை. மன்றத்தில் சேரக் காத்திருப்போர் அதிகமாகிவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை முப்பத்தாறு அம்பு எய்து இருநூறு புள்ளி எடுக்காதவர்கள் காலை நேர இடத்தை விட்டுவிட வேண்டும் என்று அறிவித்தார்கள். அவள் அதுவரை எடுத்ததில் அதிகம் நூற்று எழுபத்தொன்று. அந்தக் காலை ஒரு மணி நேரத்தைத் தவிர, நாளில் அவளுக்கென்று வேறு நேரம் கிடையாது.

புதன்கிழமை தொழிற்சாலையில் சட்டை மாட்டிப் பார்க்கும் பொம்மையின் கை உடைந்துபோனது. நீளக் கை வைத்த ஆண்கள் சட்டை ஒன்றை உடனே பார்த்தாக வேண்டும். தையல் மேசைப் பெண் அந்தச் சட்டையை டேப்பக்காவுக்கே மாட்டிவிட்டாள்.

"அக்கா, தோள் தொங்குது, இடுப்பு தொங்குது, கை மட்டும் உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு! எப்பப் பாரு சட்டைக் கையை மடிச்சு விடுறீங்களே, இதுக்குத்தானா?"

"அது பழக்கம்."

"பழக்கமா? எதுவும் எட்டலைன்னு மடிச்சிருப்பீங்க. கையை விரிங்க, பாப்போம்."

ஒரு மணிக்கட்டிலிருந்து இன்னொரு மணிக்கட்டு வரைக்கும் அல்ல, நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அந்தப் பெண் நாடாவைப் பிடித்தாள். அறுபத்தேழு அங்குலம். உயரத்தைவிட ஆறு அங்குலம் அதிகம். ஆயிரக்கணக்கானவர்களை அளந்தவள் இதை அறியாமல் இருந்ததில் பெரிய விந்தை ஏதும் இல்லை. விரித்த கையை அளக்க நாடாவின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அதுவரை யாரும் பிடித்ததில்லை.

மதிய இடைவேளையில் அவள் பயிற்சியாளருக்குப் போன் செய்தாள்.

"சார், ஒரு சந்தேகம். வில்லோட நீளத்த ஆளோட உயரத்த வச்சா பாக்கணும்?"

"உயரத்த வச்சு இல்லம்மா, நாணை எவ்வளவு தூரம் இழுக்குறீங்கன்னு வச்சு. கையை விரிச்ச அளவ ரெண்டரையால வகுத்தா ஏறக்குறைய அது வந்துடும். உங்களுக்கு எவ்வளவு வருது?"

"அறுபத்தேழு… இருபத்தேழு இஞ்ச் கிட்ட."

"அப்ப அறுபத்தாறு வில்லாவது வேணுமே. உங்க வீட்டுக்காரர் அளந்துதானே குடுத்தாரு?"

"ம், அளந்துதான் குடுத்தாரு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வீட்டில் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எனக்கு அறுபத்தாறு வில் வேணும்."

"வில்லு உன்னைத் தூக்கிட்டுப் போயிடும். அஞ்சடி ஒரு இஞ்ச் இருந்துக்கிட்டு ஆசையைப் பாரு."

"கை அறுபத்தேழு இருக்கு."

"குரங்கைக் கட்டிக்கிட்டேன்னு இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமப் போச்சே."

"உயரத்தப் பாத்துச் சட்டைக் கை வெட்டுனா மறுநாளே என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. நீங்க பதினாறு வருஷமா அதைத்தான் பண்ணிட்டிருக்கீங்க."

கத்தி நின்றது. "இத்தனை வருஷத்துல எவனும் வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லையே?"

"சொன்னாங்களே. விரல் நோகுதுன்னு."

அவர் கத்தியை மறுபடி ஓட்டினார். வெங்காயம் முழுவதையும் நறுக்கி முடித்தார். தேவைக்கு அதிகமாகவே நறுக்கினார்.

மறுநாள் காலை அறுபத்தாறு அங்குல வில் ஒன்று அவள் இடத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை இழுக்க வேண்டிய பலம் பழைய வில்லின் அளவுதான். முதல் அம்புகள் கண்டபடி சிதறின. பழைய வில்லுக்காகக் கற்றுக்கொண்ட தந்திரங்கள் இன்னும் கையில் இருந்தன. ஆனால் கடைசி இரண்டு அங்குலம் கல்லாகவில்லை. விரல்கள் நாணில் தளர்ந்து கிடந்தன. இரண்டு வருடத்துக்கு முன் வேலியோரம் நின்று பார்த்த அந்த அசையாத கணம் முதன்முதலாக அவளுக்கு வாய்த்தது. அது நன்றாக எய்வதாகாது. எய்வதற்குத் தொடக்கம், அவ்வளவுதான்.

நான்கு நாளில் எதுவும் பழகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை அவள் எடுத்தது நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

பயிற்சியாளர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏழு புள்ளிம்மா. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நாண் உரசாமலிருக்க விரலில் கட்டியிருந்த தோல் பட்டையை அவள் கழற்றினாள். வாதாடுவது அவள் வழக்கமில்லை.

சாமான் அறை வாசலிலிருந்து கணவர் வந்தார். மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சார், இவளுக்கு நான் தப்பான வில்லைக் குடுத்துட்டேன். ரெண்டு வருஷமா. கையை அளக்கல. தப்பு என்னோடது."

யாரோ பின்னால், "வீட்ல சோறு கிடைக்காதுன்னு பேசுறாரு" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இவளுக்கு மட்டும் இல்ல சார். கதவுல நிக்க வச்சுக் குடுத்த எல்லாருக்கும் அப்படித்தான் குடுத்தேன்."

சிரிப்பு அடங்கியது. பயிற்சியாளர் தாளை மேசையில் வைத்து யோசித்தார். "அப்படின்னா இவங்க இந்த வியாழக்கிழமைதான் சேர்ந்திருக்காங்கன்னு எடுத்துக்கலாம். புதுசா சேர்றவங்களுக்கு ஆறு மாசம் டைம் உண்டு. ஆறு மாசம் கழிச்சு இருநூறு வரணும். அப்ப இந்தக் கதை செல்லாது."

"வரும் சார்" என்றாள் அவள்.

எல்லோரும் போன பிறகு கணவர் அவளைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். "உன் நாடாவைக் குடு. மறுமுனையைப் பிடி." சுவரோடு ஒட்டி நின்று கைகளை விரித்தார்.

"நேரா நில்லுங்க. தோளைத் தூக்காதீங்க." அவள் பார்த்தாள். "அறுபத்தெட்டரை."

அவர் உயரமும் அறுபத்தெட்டரைதான். இந்தக் கோடுகளை முதலில் தன்னை நிறுத்திப் பார்த்துத்தான் அவர் போட்டிருந்தார். அவர் உடம்புக்கு அந்தக் கணக்கு பிசகவே இல்லை. தனக்குப் பொருந்திய விதியைச் சந்தேகிக்க ஒருவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? நோவது அடுத்தவர் விரல்தான்.

"எல்லாருக்கும் இப்படி ஒண்ணா வருமா?"

"நான் அளந்த வரைக்கும், நிறைய பேருக்கு வராது."

அவர் ஈரத்துணியால் கதவைத் துடைத்தார். மேல்கோடு போனது. கீழ்க்கோடு பலமுறை அழுத்திப் போட்டதால் பள்ளமாகப் பதிந்திருந்தது. அது போகவில்லை. துணியை மடித்து மறுபடியும் தேய்த்தார்.

"அது கிடக்கட்டும்" என்று சொல்லி அவள் வில்லை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவளுடைய ஒரு மணி நேரத்தில் இன்னும் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது.