முதல்வெடி எஃபி

எங்கள் ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அது சாகும்வரை விடாது. வடகோடிப் பனிநாட்டில், ஓர் ஆற்றங்கரையில் இருநூற்றைம்பது பேர். சாலை கிடையாது, விமானம் வந்தால்தான் உருளைக்கிழங்கு. வேறு பொழுதுபோக்கு இல்லாத இடத்தில் கிடைத்த பெயரை யார் வீணாக்குவார்கள்? என் அண்ணன் ஜோயலின் மனைவி எஃபிக்கு விழுந்த பெயர் முதல்வெடி. முப்பது வருடமாக அதைச் சொல்லி அவளை அதிகம் சீண்டியவன் நான்.

எஃபி எதிலும் முந்திரிக்கொட்டைதான். விமான ஓடுதளத்தில் வானிலை சொல்லும் வேலையில் இருந்தபோது, மூடுபனி மலையைத் தாண்டுவதற்குள் வந்துவிட்டது என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுவாள். கொஞ்ச நேரத்தில் அது வந்தும் விடும். அண்ணனைச் சந்தித்த மூன்றாவது வாரம் கல்யாணத் தேதியை அவளே அறிவித்தாள். அண்ணன் நிதானமானவன். அவன் யோசித்து முடிப்பதற்குள் தேவாலயத்தில் விருந்து பரிமாறிவிட்டார்கள். அவள் சுடும் ரொட்டி இன்றைக்கும் நடுவில் மாவாகத்தான் இருக்கும்.

பெயர் வந்த கதை இது. ஆகஸ்ட் முடியும்போது கரிபு மான்கள் வடக்கு மலையிலிருந்து இறங்கி, ஆற்றை நீந்தி, தெற்கே காட்டுக்குப் போகும். முன்னால் வயதான பெண் மான்கள் ஐந்தாறு வரும். அவற்றைச் சுடக் கூடாது, அவற்றின் கண்ணிலும் படக் கூடாது. அவை கரையேறி மறைந்துவிட்டால், பின்னால் வரும் ஆயிரம் மானும் அதே தடத்தில் வந்துகொண்டே இருக்கும், வெடிச் சத்தம் கேட்டாலும் திரும்பாது. முன்னால் வருபவை மிரண்டால் மந்தை முழுவதும் வேறு துறை தேடிப் போய்விடும். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான முதல் வருடம், இருபத்து மூன்று வயதில், எஃபி முதல் மானைச் சுட்டாள். அதே படகில் நானும் இருந்தேன். எனக்கு அப்போது இருபது. குண்டு படவில்லை. மான்கள் தண்ணீரிலேயே திரும்பின. அந்தக் குளிர்காலம் ஊர் முயலையும் தகர டப்பா மீனையும் தின்று கழிந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. பெயர் மட்டும் வைத்தார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் அவள் வழிகாட்டி வேலைக்குப் போனாள். நகரத்தில் ஒரு கம்பெனி, உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து ஆட்களைப் பிடித்து அனுப்பும். எஃபி அவர்களை மோட்டார் படகில் ஏற்றி ஐந்து நாள் ஆற்றோடு மேலே கூட்டிப்போய், பாறை உச்சியில் வல்லூறு, சதுப்பில் மூஸ் மான், அதிர்ஷ்டம் இருந்தால் ஓநாய் என்று காட்டிக் கொண்டுவந்து விடுவாள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: மான் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு ஊர் அனுமதி தரவில்லை. போன கோடையில் ஊர்க்கூட்டத்தில் அவள் அதைக் கேட்டாள்.

"ரெண்டு வருஷமா மந்தை நம்ம பக்கமே வரல. ஃப்ரீசரைத் திறந்தா வெறும் ஐஸ். இதுல வேடிக்கை பாக்க வேற ஆள் வரணுமா?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"அதுவும் யாரை நம்பி விடறது? முதல்வெடியையா?" என்றேன் நான். கூடம் சிரித்தது.

எஃபி எழுந்தாள். "முன்னால போற மான் கரையேறி மறையற வரைக்கும் அதுங்க மிரளாது. என் ஆளுங்களால மிரண்டுச்சுன்னா, அப்புறம் நான் துறைப் பக்கமே வரல. வேட்டைக்கும் வரல, பங்குக்கும் வரல. வில்ஃப்ரட் எதிர்க்கரையில உக்காந்து கண்காணிக்கட்டும். அடுத்தவங்க தப்பைப் பாக்கறதுன்னா அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்று என் பக்கம் கையைக் காட்டினாள்.

எங்கள் ஊரில் துறைக்கு வராதவள் என்றால், அவள் வேறு எங்காவது போய் வாழலாம் என்று அர்த்தம். ஊர்த் தலைவி இரண்டு முறை கேட்டார். எஃபி இரண்டு முறையும் தலையை ஆட்டினாள். அனுமதி கிடைத்தது.

செப்டம்பர் முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். அதில் ரேத்தோ என்பவர் சுவிட்சர்லாந்தில் பல் மருத்துவர். அவருடைய கேமரா லென்ஸ் எங்கள் அடுப்பின் புகைக்குழாய் நீளம் இருந்தது. மூன்றாம் நாள், ஆற்றின் வடகரையில் அவர்கள் கூடாரம் போட்டிருந்த இடத்துக்கு நான் படகில் போய் எட்டிப்பார்த்தேன். நான்கு பேரும் புதர் ஓரம் வரிசையாக, அசையாமல், ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எஃபி கையில் கடிகாரத்தோடு பின்னால் நின்றாள்.

"என்ன அண்ணி, ஸ்கூல் நடத்துறீங்களா?"

"பழக்கறேன்டா. காலைல நாப்பது நிமிஷம், சாயங்காலம் நாப்பது நிமிஷம். இருமக்கூடாது, மூக்கு சிந்தக்கூடாது. அந்த அம்மாவுக்குக் கால் மரத்துப்போச்சு, அப்பவும் அசையல. நல்ல ஜனம்."

"நீங்க அசையாம இருந்துடுவீங்களா? அதைச் சொல்லுங்க."

"உனக்கு வேற வேலை இல்லையா?" என்று டீயை ஊற்றிக் கொடுத்தாள். அதையும் கொதிக்கவிடாமல்தான் கொடுத்தாள்.

நான்காம் நாள் மதியம் மான்கள் வந்தன. துறை எங்களுக்குக் கீழே, ஆற்றின் வளைவில். காற்று அங்கிருந்து எங்களை நோக்கி அடித்ததால் எங்கள் வாடை அவற்றுக்குப் போகாது. தென்கரையில் நாங்கள் ஒன்பது பேர் வில்லோ புதருக்குள் படுத்திருந்தோம். எங்களுக்கு நேர் எதிரே வடகரையில், மேட்டின் ஆற்றுப் பக்கச் சரிவில், எஃபியின் நால்வர். வயதான பெண் மான்கள் ஆறு, தண்ணீர் விளிம்பில் வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்க மந்தை ஊர்ந்தது. மற்ற எட்டு வேட்டைக்காரர்களும் அந்த ஆறு மான்களையே பார்த்தார்கள். என்னுடைய பைனாகுலர் எஃபி மேல் இருந்தது. அவள் தப்புச் செய்வாள் என்று காத்திருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கம், ஆறு வரும் திசையிலிருந்து ஒரு பழுப்புக் கரடி வருவதைப் பார்த்தேன். மான் வாடையைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அவசரமில்லாமல் வந்தது. இன்னும் நூறு அடி நடந்தால் அது மேட்டு உச்சியில் நிற்கும். மான்கள் அதைப் பார்க்கும். கேமராவில் கண்ணை ஒட்டிக்கொண்டிருந்த நான்கு பேரும் அதற்கு நேர் கீழே இருந்தார்கள். அவர்களில் யாரும் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்றுதானே பழக்கியிருந்தாள்.

எஃபி திரும்பினாள். எப்படித் தெரிந்ததோ தெரியாது. கரடியை விரட்ட அவளிடம் துப்பாக்கி இருந்தது. ஒரு வெடி வைத்தால் கரடி ஓடிவிடும், மானும் ஓடிவிடும். அவள் ரேத்தோவின் தோளைத் தட்டி, அப்படியே இரு என்று கையால் காட்டிவிட்டு, துறைக்கு மறுபக்கமாக மேட்டில் குனிந்து ஏறினாள். அந்த மறைவில், மான்களின் கண்ணுக்குத் தெரியாமல் எங்கள் கரைக்கு மட்டும் தெரிந்த இடத்தில், நிமிர்ந்து கரடியை நோக்கி நடந்தாள். நடந்தாள் என்றால் மெதுவாக. எஃபி மெதுவாக நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முப்பது அடி தூரத்தில் நின்றாள். துப்பாக்கி மடித்த கையில் கிடந்தது. வாய் அசைந்தது. கரடி பின்னங்காலில் எழுந்து நின்று அவளைப் பார்த்தது. அண்ணனிடம் என்ன சொல்வேன் என்பதுதான் மனதில் ஓடியது. கத்தவும் முடியாது. துப்பாக்கியைத் தூக்கினேன், இறக்கினேன், மறுபடி தூக்கினேன். பக்கத்தில் படுத்திருந்தவன் என் துப்பாக்கிக் குழாயை அழுத்திக் கீழே வைத்து, "பைத்தியமா உனக்கு?" என்று உதட்டை அசைத்தான்.

கரடி இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவளும் நின்றாள். கரடிக்கு முதுகு காட்டக் கூடாது, அதனால் அவளால் திரும்ப முடியாது. அவள் முதுகுக்குப் பின்னால் முதல் மான் தண்ணீரில் இறங்கியது. ஆறு மான்களும் நீந்தின, எங்களுக்குக் கீழே கரையேறின, உடம்பை உதறின, காட்டுக்குள் போயின. பிறகு சரிவே பெயர்ந்து ஆற்றில் விழுந்தது போல மந்தை இறங்கியது. குளம்புகளின் சடசடப்பு எங்கள் கரைவரை கேட்டது. எஃபி மேட்டில் ஏறி அதற்குள் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கடைசியில் கரடி எழுந்து, வந்த வழியே போயிற்று. எஃபி குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். அதன்பிறகுதான் நாங்கள் சுட ஆரம்பித்தோம்.

அன்று ஊருக்கே இறைச்சி கிடைத்தது. விருந்தாளிகளை விமானம் ஏற்றிவிட்டு வந்தவளிடம் அவள் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அதுகிட்ட என்ன பேசினீங்க?"

"பாத்தியா நீ?" என்றாள். பிறகு, "எங்க ஊரு ரெண்டு வருஷமாப் பசியில இருக்குன்னேன். நாங்க எடுத்துக்கிட்டு குடலெல்லாம் கரையில விட்டுட்டுப் போறோம், அப்புறம் வா, எல்லாம் உனக்குத்தான்னேன்."

"அவங்ககிட்ட கரடியைப் பத்திச் சொன்னீங்களா?"

"அது நடமாடற இடத்துல படுத்துக்கிட்டு அதைப் பத்தியே பேசறதா? பேசினா அதுக்குக் கேக்கும்டா. உனக்கு அறிவிருக்கா?" என்று இறைச்சியை வாங்கிக்கொண்டாள். "எப்படிடா இருந்துச்சு? முன்னால போனதுங்க எப்படிப் போச்சு?"

"போச்சு" என்றேன். அதற்கு மேல் நான் சொல்லவில்லை. கரடியைப் பற்றி ஊரில் யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. சொன்னால் நான் தோற்றதாக ஆகும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

அக்டோபரில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. ஊர்க்கூட்டத்தில் தலைவி படித்தார். விருந்தாளிகள் மிகவும் மகிழ்ந்தார்களாம். ஆனால் முக்கியமான நேரத்தில் வழிகாட்டி புதருக்குள் போய் நாற்பது நிமிடம் வரவில்லையாம். கரடி உலவும் இடத்தில் விருந்தாளிகளைத் தனியே விட்டது மன்னிக்க முடியாததாம். இனி அவள் வேலைக்கு வேண்டாமாம்.

"முதல்வெடிக்கு அங்கயும் அவசரம் வந்துடுச்சு போல" என்றார் பின்வரிசைக்காரர். கூடம் குலுங்கிச் சிரித்தது. எஃபி மடியில் காலணித் தோலை வைத்து மணி கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எதிலும் முந்துகிறவள், இதில் மட்டும் ஏன் சும்மா இருக்கிறாள்? எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

"புதருக்குப் போகல. கரடி வந்துச்சு. நான் பாத்தேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நடந்தது, நின்றது, மான் கடந்ததை அவள் மட்டும் பார்க்காதது. தலைவி கடிதத்தை மடித்து, "இதுக்கு நான் பதில் எழுதறேன்" என்றார். நான் உட்காரப்போனேன்.

"மிச்சத்தையும் சொல்லு" என்றாள் எஃபி. ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் சூடும் இல்லை.

அவள் எதைச் சொல்கிறாள் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். உட்கார்ந்துவிட்டிருக்கலாம். கால் மடங்கவில்லை.

"அன்னைக்குப் படகுல அண்ணிக்குப் பின்னால நான் உக்காந்திருந்தேன்" என்றேன். "அவங்க துப்பாக்கியைக் கீழதான் வச்சிருந்தாங்க. வேணாம், போகட்டும்னாங்க. நான்தான் போகுது போகுது, சுடு சுடுன்னு முதுகுல குத்தினேன். நான்தான் துப்பாக்கியை எடுத்து அவங்க கையில திணிச்சேன்."

யாரும் திட்டவில்லை. எஃபி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

இப்போதெல்லாம் ஊரில் முதல்வெடி என்று யாராவது கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.