பக்கத்தில் நிற்பது

புத்தூர் பேருந்து நிலையத்தில் நான் விழுந்ததற்குக் காரணம் என் கால் இல்லை. பார்த்த எல்லோரும் காலைத்தான் சொன்னார்கள் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வயதில் போலியோ வந்த இடது காலில், தொடை வரை இரும்புக் காலிப்பர் போட்டிருக்கிறேன். பேருந்தில் ஏற எனக்கென்று ஒரு முறை உண்டு. வலது கையால் கம்பியைப் பற்றி, வலது காலை முதல் படியில் வைப்பேன். உடம்பின் பாரம் அந்தக் கைக்குப் போனதும் இடது காலைச் சுழற்றி மேலே கொண்டுவருவேன். பத்து நொடி ஆகும். அன்றைக்குப் பாரம் கைக்குப் போன நேரத்தில், படியில் நின்றிருந்த ஒருவர் "ஹெல்ப் பண்றேன் மேடம்" என்று என் வலது முழங்கையைப் பிடித்து இழுத்தார். கம்பி கையை விட்டுப் போனது. தரையில் மல்லாந்து கிடந்தேன்.

"பாவம், ஒண்டியா எதுக்கு அனுப்புறாங்க?" என்று அவர் சுற்றி நின்றவர்களைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

திருப்பதியில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்ப்பது என் வேலை. பதினெட்டு வருடமாகத் தனியாகத்தான் போய் வருகிறேன். வீங்கிய மணிக்கட்டைப் பார்த்ததும் வீட்டில் அண்ணன் முடிவெடுத்துவிட்டான்.

"இனிமே நான்தான் வண்டில இட்டுக்கினு போவேன். இல்லாட்டி வேலைய வுட்டுடு."

"நீ எழுந்துக்கறதே பத்து மணிக்கு. எனக்கு ஒம்போதுக்கு டூட்டி."

"வெளாடாத. விழுந்தது நீ."

"இழுத்தது யாரு?"



செய்திகளில் 'அசிஸ்ட்' என்ற சொல் அடிக்கடி வரும். 'உதவி' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அந்த வாரம் அகராதியைப் புரட்டினேன். 'ஹெல்ப்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். வேலைக்காரரை வேலைக்காரர் என்று கூப்பிடக் கூசிய அமெரிக்கர்கள் அவர்களையே 'ஹெல்ப்' என்றிருக்கிறார்கள். 'அசிஸ்ட்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பக்கத்தில் நிற்பது என்று அதன் வேருக்குப் பொருள் போட்டிருந்தது. பிரெஞ்சில் இன்றும் ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தாலே அந்தச் சொல்தானாம். பிடித்து இழுப்பதைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை.

அண்ணனிடம் லத்தீன் பேசிப் பயனில்லை. திங்கட்கிழமை காலை அவனைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போனேன்.

"நீ சும்மா நின்னு பாரு. கைய பாக்கெட்ல வெச்சிக்கோ. விழுந்தா நாளைலேர்ந்து உன் வண்டி."

"ஏறிட்டன்னா?"

"இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

திருப்பதி பேருந்து வந்தது. கம்பியைப் பற்றினேன். வலது கால் படிக்குப் போனது. பாரம் ஏறியதும் மணிக்கட்டு வலித்தது, விரல்கள் தளர்ந்தன. கண்டக்டர் மேலிருந்து கை நீட்டினார்.

"மேடம், கை குடுங்க."

"தொடாதீங்க சார்," என்று பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "அவளே ஏறுவா."

"டைம் ஆவுதுபா. பின்னால எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு."

"நிக்கட்டும்."

"நீ இன்னாய்யா, கைய பாக்கெட்ல வுட்டுக்கினு வேடிக்கை பாக்குற?" என்றார் கூடை வைத்திருந்த ஓர் அம்மாள்.

"அதான்மா இன்னிக்கு எனக்கு வேலை," என்றான்.

விரல்களை விட்டுவிட்டு முழங்கையின் மடிப்பைக் கம்பியில் மாட்டினேன். இப்படி நான் ஏறியதில்லை. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது, பார்க்கவில்லை. இடது காலைச் சுழற்றினேன். இரும்பு படியின் விளிம்பில் இடித்துச் சத்தம் எழுப்பியது. மறுபடியும் சுழற்றினேன். கால் மேலே வந்தது. அடுத்த இரண்டு படிகளும் அப்படியே. வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரம் ஆகியிருக்கும். பின்னால் நின்ற யாரும் வேறு பேருந்துக்குப் போய்விடவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அண்ணன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். அவன் முகம் வியர்த்திருந்தது.

"கை வலிக்குதா?"

"வலிக்குது."

"சாயந்தரம் நான் வேணா..."

"வேணாம். ஆறரைக்கு வூட்ல இருப்பேன். கொழம்பு நீ வையி."